வெறும் குழாயா, மாற்று கன்வர்ட்டரா, அசலா?

சிங்கப்பூரின் காக்கி புக்கிட் பட்டறையில் என் காரின் அடியில் ரப்பர் சுத்தியலால் தட்டிக் காட்டினார்கள். தகரடப்பாவுக்குள் கூழாங்கல் உருள்வதுபோல் சத்தம். புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் பீங்கான் தேன்கூடு நொறுங்கியிருந்தது. “கழற்றிவிட்டு வெறும் குழாய் வைத்துவிடலாம் அண்ணே, கூலிகூட வேண்டாம்” என்றார் பட்டறைக்காரர். தாராளம்தான்! பழைய கன்வர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கின்றன. பழைய சாமான் வியாபாரிகள் நல்ல விலை கொடுப்பார்கள்.

செலவில் வெறும் குழாயை வேறெதுவும் நெருங்க முடியாது. வம்பு பிறகுதான். கன்வர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார்கள் உண்டு. பின்னுள்ளது ஏறக்குறைய ஒரே அளவைக் காட்ட வேண்டும். இடையில் கன்வர்ட்டர் இல்லையென்றால் அதுவும் முன்னதைப் போலவே ஏறி இறங்கும். கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்னும் பி0420 குறியீட்டுடன் எஞ்சின் விளக்கு எரியும். பின் சென்சாரைச் சிறு துண்டுக்குழாய் வைத்துத் தள்ளிப் பொருத்தி விளக்கை ஏமாற்றுகிறார்கள். பரிசோதனை நிலையத்தில் புகைக்குழாய்க்குள் நுழைக்கும் கருவியிடம் அந்த வித்தை செல்லாது. மூன்று வயது முதல் பத்து வயது வரையிலான கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுதோறும் பரிசோதனை.

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கண்ணில் இது சட்டவிரோத மாற்றம். அபராதத்தோடு சிறைக்கும் இடமுண்டு. மலேசியாவின் ஜொகூர் பாருவில் கழற்றினாலும், பாலம் தாண்டி வந்ததும் இதே சட்டம்தான். கழற்றினால் எஞ்சினின் இழுவிசை கூடும் என்பார்கள். டர்போ வண்டியில் கொஞ்சம் தெரியலாம். என் 1.6 லிட்டர் வண்டிக்கு மிஞ்சுவது இரைச்சலும், பலமாடி நிறுத்துமிடத்தில் மூக்கைத் துளைக்கும் பெட்ரோல் வாடையும்தான்.

வேறு நிறுவனங்கள் செய்யும் மலிவான மாற்று கன்வர்ட்டரில் விலையுயர்ந்த உலோகங்கள் பெரும்பாலும் குறைவு. சில ஆண்டுகளில் விளக்கு மறுபடி எரியலாம். கார் நிறுவனத்தின் அசல் நீடிக்கும், விலைதான் வயிற்றைக் கலக்கும். என் சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) முடிய இன்னும் இரண்டரை ஆண்டு, நடுவில் ஒரே ஒரு பரிசோதனை. ஆகவே தரமான மாற்று போதும். சிஓஇயைப் புதுப்பிக்கும் எண்ணமிருந்தால் அசலையே வாங்கியிருப்பேன்.

எதைப் போட்டாலும் மூலக்கோளாறு தீர வேண்டும். ஒரு சிலிண்டர் சரியாகப் பற்றாமல், எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்ததில்தான் தேன்கூடு உருகி உடைந்தது. முதலில், பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை மாற்றச் சொன்னேன். பழைய கன்வர்ட்டரை நானே எடுத்துக்கொள்கிறேன் என்றதும், கூலியை முழுசாகக் கேட்டார்.