டூயிஸ்பர்க் 'டைகர் அண்ட் டர்ட்டில்': காலால் நடக்க ஒரு ரோலர் கோஸ்டர்

ஜெர்மனியில் டூயிஸ்பர்க் நகருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் உள்துறைமுகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஊருக்குத் தெற்கே ஆங்கர் பூங்கா மேட்டில் நிற்கும் 'டைகர் அண்ட் டர்ட்டில்' சிற்பத்துக்கும் ஒரு மாலையை ஒதுக்குங்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் அசல் ரோலர் கோஸ்டர்தான். வளைவு, இறக்கம், தலைகீழாகச் சுழலும் லூப்கூட உண்டு. கிட்டே போனால் தண்டவாளம் இருக்க வேண்டிய இடத்தில் படிக்கட்டு. வண்டி கிடையாது, நாம்தான் நடக்க வேண்டும். கட்டணமும் கிடையாது.

ஹைக்கே முட்டர், உல்ரிச் கெந்த் என்ற இரண்டு கலைஞர்கள் வடிவமைத்தது. 2011 நவம்பரில் திறந்தார்கள். அந்த மேடு இயற்கைக் குன்று இல்லை. அங்கே இருந்த துத்தநாக உருக்காலையை 2005-இல் மூடிவிட்டார்கள். கசடும் கன உலோகம் கலந்த மண்ணும் மிஞ்சின. அதையெல்லாம் குவித்து, மழைத்தண்ணீர் இறங்காதபடி மூடி, மேலே புல் வளர்த்திருக்கிறார்கள்.

நான் அம்பத்தூரில் கால்வனைசிங் பட்டறையில், அதாவது துருப்பிடிக்காமல் இருக்க இரும்புக்குத் துத்தநாகம் பூசும் இடத்தில், வேலை பார்த்தவன். மற்றவர்கள் ரைன் நதியைப் பார்க்க, என் கண் இரும்பின் மேலேயே இருந்தது. துத்தநாகம் உருக்கிய மண்ணில் துத்தநாகம் பூசிய எஃகு! இந்தப் பொருத்தம் ஒன்றுக்காகவே இதை உசத்தி என்பேன். சுமார் 20 மீட்டர் உயரத்துக்கு முறுகி எழும் இந்த உருவத்தை ஒரே துண்டாகத் தொட்டியில் இறக்க முடியாது. 450 டிகிரி சூட்டில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் துண்டு துண்டாகத்தான் முக்கி எடுக்க வேண்டும். சூட்டில் ஒரு துண்டு லேசாகக் கோணினாலும் அடுத்ததோடு சேராது. அதிலும் இங்கே ஒரு வளைவு மாதிரி இன்னொன்று இல்லை. தாங்கி நிற்கும் குழாய்த் தூண்களைத் தடவிப் பார்த்தேன். துத்தநாகம் சொட்டி முள்ளாக நிற்கும் இடம் ஒன்றும் கையில் படவில்லை. செய்தவர்களுக்கு ஒரு பெரிய கும்பிடு.

படிகள் கம்பி கிரேட்டிங். கால் இடுக்கில் கீழே புல் தெரியும், ஆள் நடக்க நடக்க அதிர்வு பாதத்தில் ஏறும். எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒட்டி நின்று வழிவிட வேண்டும். உயரம் பயம் என்றால் கீழேயே சுற்றி வாருங்கள், அதுவும் நல்ல காட்சிதான். சக்கர நாற்காலியில் வருபவர்கள் படியேற வழி இல்லை என்பது பெரிய குறை.

லூப்பில் நடக்க முடியாது. அங்கே வழியை மறித்திருக்கிறார்கள், வந்த வழியே திரும்ப வேண்டும். பிள்ளைகளிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அழுகைதான். எனக்கு அந்த மறிப்பு பிடித்திருந்தது. பாய்ந்து ஓடப்போவதாகக் கண் நம்பிக்கொண்டே இருக்கும், கால் படிப்படியாக ஊரும். வேகமாக உழைத்து அடங்கிப்போன இடத்துக்கு இதைவிடச் சரியான ஒன்றை என்னால் யோசிக்க முடியவில்லை.

மேலே நின்றால் ஒரு பக்கம் ரைன், தெற்கே எஃகு ஆலையின் புகைபோக்கிகள். இருட்டியதும் கைப்பிடி நெடுக எல்.ஈ.டி. விளக்கு எரியும். அதனால் பொழுது சாயும் நேரம் ஏறி, விளக்கு வந்தபின் இறங்குங்கள். 903 டிராமில் வந்து மேடேறலாம். ஹீல்ஸ் வேண்டாம், கிரேட்டிங்கில் மாட்டும். காற்று பலமாக அடிக்கும் நாளில் வாயிலைப் பூட்டிவிடுவார்கள். வானிலை பார்த்துக் கிளம்புங்கள்.