பிளாஸ்டிக் கவர் இல்லாத ஃபிரிட்ஜ்: சில வருட அனுபவம்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. கடைக்கு மஞ்சப்பை எடுத்துப்போகும் பழக்கம் எங்கள் வீட்டில் அப்போதே திரும்பிவிட்டது. ஆனால் வீட்டுக்குள், குறிப்பாக ஃபிரிட்ஜுக்குள், கவர் ராஜ்யம்தான் நடந்தது. கொத்தமல்லிக்கு ஒரு கவர், மிளகாய்க்கு ஒன்று, நறுக்கிய பூசணிக்கு ஒன்று. அதை முழுதாக விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. மதுரை வெயிலில், எல்லோரும் பயன்படுத்துகிற சாதாரண ஃபிரிட்ஜை வைத்துக்கொண்டு எது சரிப்பட்டது, எது சரிப்படவில்லை என்று சொல்கிறேன்.

கவர் உண்மையில் செய்வது ஒரே வேலை: ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைப்பது. ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் காற்று வறண்டது, அதிலும் ஐஸ் கட்டாத மாடல்களில் இன்னும் வறண்டது. கீரையைத் திறந்து வைத்தால் மறுநாளே துவண்டுவிடும். ஆனால் கவருக்குள் அந்த ஈரமே நீர்த்துளியாகத் திரண்டு இலை மேல் உட்காரும், அங்கிருந்து அழுகல் தொடங்கும். அதனால் எந்தக் காய்க்கு ஈரம் வேண்டும், எதற்கு ஆகாது என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிக்குப் பழைய பருத்தி வேட்டியும் எவர்சில்வர் சம்படமும் போதும். இரண்டுமே பெரும்பாலான வீடுகளில் பரணில் கிடக்கும். கல்யாணச் சீரில் வந்து, பிரிக்காமலே கிடக்கும் பாத்திரங்களுக்கு இதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியவில்லை.

கொத்தமல்லியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் கேட்பது அதைத்தான். அண்ணாநகர் உழவர் சந்தையில் காலையில் வாங்கினால் கட்டு ஈரமாகத்தான் இருக்கும், தண்ணீர் தெளித்துத் தெளித்து விற்பார்கள். வீட்டுக்கு வந்ததும் கட்டைப் பிரித்து, மஞ்சள் இலையையும் நசுங்கிய தண்டையும் எடுத்துவிட்டு, வேரை நறுக்க வேண்டும். கழுவக் கூடாது. ஃபேனுக்கு அடியில் பேப்பரில் பரப்பி, இலை மேல் இருக்கும் தண்ணீர் போகும்வரை விட வேண்டும். இலை வாட ஆரம்பிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும், அந்தப் பக்குவம் கையால் தொட்டாலே தெரியும். அப்புறம் வேட்டித் துணியில் தளர்வாகச் சுற்றிச் சம்படத்தில் வைத்து மூடி போட வேண்டும். துணியில் மட்டும் சுற்றினால் காய்ந்துவிடும், சம்படத்தில் மட்டும் போட்டால் அழுகிவிடும். துணி மிச்ச ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், சம்படம் அதை வெளியே விடாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை திறந்து, கெட்ட இலை இருந்தால் எடுத்துவிட்டு, துணி நனைந்திருந்தால் மாற்றினால் பத்து நாளுக்குப் பச்சை குறையாது. கவரில் எனக்கு நான்கு நாள் தாண்டியதில்லை.

கறிவேப்பிலைக்கு இவ்வளவு பாடு இல்லை. உருவி, உலர்த்தி, மூடி இறுக்கமான கண்ணாடி பாட்டிலில் போட்டால் போதும். பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளித்தான் வைக்க வேண்டும், காம்பில்தான் முதலில் பூசணம் பிடிக்கும். வெண்டைக்காய்க்கு ஈரமே ஆகாது, காய்ந்த துணிப்பை. கேரட், முள்ளங்கி வாங்கினால் தழையை உடனே ஒடித்துவிடுங்கள், கிழங்கில் இருக்கும் தண்ணீரைத் தழை இழுத்துக்கொள்ளும். வாழைப்பழம், பழுத்த தக்காளி பக்கத்தில் கீரையை வைக்காதீர்கள், அவை விடும் எத்திலீன் வாயுவில் இலை சீக்கிரம் மஞ்சளாகும். உடைத்த தேங்காயில் கண் இருக்கும் மூடிதான் முதலில் கெடும், அதை முதலில் துருவுங்கள்.

அடுத்து ஃப்ரீசர். கவர் இல்லாமல் சிரமப்பட்டது இங்கேதான். கவரைத் தட்டையாக அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிடலாம், சம்படத்தில் அது முடியாது. உள்ளே இருக்கும் காற்றால் பட்டாணி மேல் ஐஸ் பூக்கும். வழி ஒன்றுதான்: பெரிய டப்பாவில் பாதி நிரப்பாமல், சின்னச் சின்ன டப்பாக்களில் நிறைய நிரப்புவது. சீசனில் வாங்கும் பச்சைப் பட்டாணியைக் கொதிநீரில் ஒன்றிரண்டு நிமிடம் போட்டு, குளிர்ந்த நீரில் ஆற்றி, நன்றாகத் துடைத்து, தட்டில் பரப்பி உறைய வைத்த பிறகு டப்பாவுக்கு மாற்றினால் ஒன்றோடொன்று ஒட்டாது. தேங்காய்த் துருவலும் சின்னச் சம்படத்தில் அழகாக நிற்கிறது.

ஆனால் சாறு, ரசம் போல நீர் உள்ளதற்கு மட்டும் மேலே இடம் விட வேண்டும். தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும். கழுத்து குறுகலான கண்ணாடி பாட்டில் அந்த அழுத்தத்தில் விரிசல் விடும், வாய் அகன்ற நேர்ச்சுவர் பாட்டில்தான் ஓரளவு தாங்கும். எவர்சில்வர் உடையாது, மூடிதான் இறுகிக்கொள்ளும். குழாய்த் தண்ணீரில் கொஞ்ச நேரம் காட்டினால் வந்துவிடும். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாதது பெரிய குறை. பேப்பர் டேப் ஒட்டித் தேதியோடு எழுதி வைக்கிறேன்.

மீனுக்கும் கறிக்கும் டப்பாவை எடுத்துக்கொண்டே கடைக்குப் போய்விடுகிறோம். "அண்ணே, டப்பாவைத் தராசுல வச்சு சைபர் போட்டுட்டு மீனைப் போடுங்க" என்று சொன்னால் போதும். முதலில் ஒரு மாதிரிப் பார்த்தவர், இப்போது நான் போனதும் அவரே கையை நீட்டி டப்பாவை வாங்கிக்கொள்கிறார்.

மளிகையில் புளிக்கு மட்டும் ஒரு வார்த்தை. கொட்டை எடுத்து, வெயிலில் காய வைத்து, கல்லுப்புச் சேர்த்துப் பீங்கான் ஜாடியிலோ மண்பானையிலோதான் வைக்க வேண்டும். புளிப்பும் உப்பும் சேர்ந்தால் எவர்சில்வரில்கூட நாளடைவில் புள்ளி புள்ளியாக அரிக்கும். அலுமினியத்தின் பக்கமே போகக் கூடாது.

தேன்மெழுகு பூசிய துணிகளையும் வாங்கிப் பார்த்தோம். குளிர்ப் பிரதேசத்துக்கு அவை நல்ல பொருள். சித்திரை மாதத்தில் மேடையில் வைத்தாலே பிசுபிசுக்கிறது, வெந்நீரில் கழுவ முடியாது, கறி மீனுக்கு ஆகாது. காசுக்குத் தகுந்த பலன் இல்லை. சிலிக்கான் பை பரவாயில்லை, மிச்சக் குழம்பை உறைய வைக்க ஒன்று இருந்தால் உதவும். ஆனால் மஞ்சள் கறை போகாது, சாம்பார் வாசனையும் போகாது.

இதில் வேலை கூடத்தான் செய்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. துணிகளைத் துவைத்துக் காய வைக்க வேண்டும், வாரம் ஒருமுறை கொதிநீரில் போட வேண்டும். வாசனைத் திரவம் சேர்க்கக் கூடாது, இலையில் அந்த மணம் ஏறும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி காயாமல் முடை நாற்றம் வரும், கூடுதலாக ஒரு செட் இருந்தால்தான் சமாளிக்கலாம். இந்த வேலையை வீட்டில் ஒருவர் தலையில் மட்டும் கட்டினால் நிச்சயம் நிலைக்காது. எங்கள் வீட்டில் காய் ஆய்ந்து துணியில் சுற்றுவது சந்தைக்குப் போய்வந்தவர் பொறுப்பு. அத்தை முதலில் "எதுக்கு இத்தனை துணி?" என்றார்கள், இப்போது துணி காய்ந்ததா என்று அவர்களே கேட்கிறார்கள்.

இன்னும் போகாதது பால் பாக்கெட்டும் எண்ணெய்ப் பாக்கெட்டும். 2019 தடையிலேயே பாலுக்கும் எண்ணெய்க்கும் விலக்கு உண்டு. பாக்கெட்டின் மூலையைத் துண்டாக வெட்டி எடுக்காமல், ஒட்டிக்கொண்டே இருக்கும்படி நறுக்குகிறோம், அந்தச் சின்னத் துணுக்கு தனியாகச் சாக்கடைக்குப் போகாது. அலசிக் கவிழ்த்துக் காய வைத்துச் சேர்த்தால் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.