சுவருக்குள்ள ஓடுற ஏசி காப்பர் பைப்புக்கு 13 எம்எம் நைட்ரைல் ஸ்லீவ்: போட்டுப் பாத்ததுல சொல்றேன்

திருவான்மியூர்ல கடலுக்குக் கிட்ட இருக்கு எங்க ஃப்ளாட். உள்வேலை நடக்கும்போதே எல்லா ரூமுக்கும் ஏசி பைப்பைச் சுவருக்குள்ள விட்டுட்டோம், பைப்புக்கு மேல கருப்பு நைட்ரைல் ரப்பர் ஸ்லீவ், 13 எம்எம் கனம். போன வெயிலும் போயிடுச்சு, இந்த வெயிலும் முடியப்போகுது, இதுவரைக்கும் கேஸ் இறங்கல, சுவர்ல ஈரமும் இல்ல. அஞ்சுக்கு நாலு ஸ்டார் தாராளமா குடுப்பேன். ஆனா ஸ்லீவ் மட்டும் வாங்கிட்டா பைப் பத்திரம்னு நெனச்சிடாதீங்க, ஸ்லீவ் சேர்ற எடத்துல ஒட்டும் மூடலும் ஒழுங்கா இல்லன்னா அதே ஸ்லீவ்தான் தண்ணியப் புடிச்சு வெச்சு பைப்ப அரிக்க விடும், அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

மொதல்ல எதுக்கு இதெல்லாம்னா, நிறைய பேர் சிமெண்ட் பட்டா காப்பர் அரிச்சிடும்னு சொல்றாங்க, அது முழுசா சரி இல்ல. நல்ல சிமெண்ட் பூச்சு காஞ்சிருந்தா காப்பர அது பெருசா ஒண்ணும் பண்ணாது. அரிக்கிறது உப்பும் ஈரமும் சேர்ந்து. எங்க ஏரியால போர் தண்ணி உப்பு, அந்தத் தண்ணியிலதான் பூச்சுக்குக் கலவை போடுறாங்க, மணல் எங்கேந்து வருதுன்னும் யாரும் பாக்குறதில்ல. காப்பர் மேல தானா ஒரு மெல்லிசு படலம் உருவாகி அதைக் காப்பாத்தும், உப்புல இருக்குற குளோரைடு அந்தப் படலத்த அங்கங்க உடைச்சிடும், உடைஞ்ச எடத்துல குண்டூசி அளவுக்குக் குழி விழும், வெளிய பாத்தா கொஞ்சம் பச்சைக் களிம்பு அவ்ளோதான், ஆனா உள்ள ஓட்டை. ஏசிக்குள்ள ஓடுற ஆர்32 கேஸ், மெஷின் ஓடாம சும்மா நிக்கும்போதே நம்ம ஊர் சூட்டுல 200 பிஎஸ்ஐக்கு மேல பிரஷர்ல இருக்கும், குண்டூசி ஓட்டை போதும் அதுக்கு.

முன்னாடி இருந்த வாடகை வீட்ல இதுதான் நடந்துது. வருஷா வருஷம் கேஸ் போடணும், மெக்கானிக் வருவார், அவுட்டோர்ல சோப்புத் தண்ணி தடவிப் பாப்பார், லீக் இல்ல சார்னு சொல்லி ஃபில் பண்ணிட்டுப் போவார். கடைசில ஹவுஸ் ஓனர் சுவர ஒடைச்சுப் பாத்தா வெள்ளை ஃபோம் மட்டும் சுத்தியிருக்கு, பாதி வழில ஃபோமே இல்ல, வளைவுல வெறும் காப்பர் பூச்சுக்குள்ள கிடக்கு, கைய வெச்சா பச்சையா ஒட்டுது.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது. ஸ்ப்ளிட் ஏசில பெருசும் சின்னதுமா ரெண்டு காப்பர் பைப் ஓடும், பெரிய பைப் மட்டும் இல்ல, சின்ன பைப்பும் ஜில்லுன்னுதான் இருக்கும், ஏன்னா கேஸ் விரியிற எடமே அவுட்டோர் யூனிட்டுக்குள்ளதான் இருக்கு. அதனால ரெண்டு பைப்பும் வேர்க்கும். சிலர் ரெண்டையும் ஒரே ஸ்லீவுக்குள்ள திணிச்சு டேப் சுத்திடுவாங்க, அப்படி விடாதீங்க, தனித்தனியா போடச் சொல்லுங்க. வேர்த்த தண்ணி சுவருக்குள்ள எறங்கி அங்க இருக்குற உப்பக் கரைச்சு பைப் மேலயே நிக்கும், அரிப்பு அங்கதான் ஆரம்பம்.

இப்ப ஸ்லீவ். வெள்ளை ஃபோமோட பாத்தா விலை நல்லாவே கூட, அத மறைக்க முடியாது. ஆனா நைட்ரைல்ல சின்னச் சின்ன அறை எல்லாம் மூடினபடி இருக்கும், வெட்டின முனைய தண்ணில அமுக்கிப் பாத்தேன், உறிஞ்சல. வளைவுல மடங்காம பைப்போடவே வளையுது. 9, 13, 19 எம்எம்னு கிடைக்குது, கடைல மொதல்ல 9தான் எடுத்து நீட்டுவாங்க. கடலோரக் காத்துல இருக்குற ஈரத்துக்கு 9 பத்தாது, குறைஞ்சது 13 கேளுங்க, 19 போட்டா இன்னும் நல்லதுதான் ஆனா சுவர்ல பைப் போற காடிய அகலமா வெட்டணும், நாலரை இன்ச் சுவர்ல அது ஆகாது. ஆர்மாஃப்ளெக்ஸ், கே-ஃப்ளெக்ஸ், சூப்பர்லான்னு பேர் தெரிஞ்ச பிராண்ட் எல்லாம் இருக்கு, எது வாங்கினாலும் மேல பேரும் கனமும் அச்சடிச்சிருக்கான்னு பாத்து வாங்குங்க.

நீளவாக்குல பொளந்த ஸ்லீவ் வாங்காதீங்க, வேலை சுலபம்னு மெக்கானிக் அதத்தான் கேப்பார். பொளக்காத குழாய் ஸ்லீவ காப்பர வளைக்கிறதுக்கு முன்னாடியே ஒரு முனைலேர்ந்து உள்ள தள்ளிக்கிட்டே போகணும், உள்ளுக்குள்ள பவுடர் தடவித்தான் வருது, வழுக்கிக்கிட்டுப் போகும். நீளத்துக்கு ஒட்டே இல்ல அப்ப, ரெண்டு ஸ்லீவ் முட்டுற எடத்துல மட்டும்தான் ஒட்டு. அங்க ரெண்டு மொகத்துலயும் பசை தடவி, கைல ஒட்டாத அளவு காஞ்சதும் அழுத்தி ஒட்டணும். வெறும் டேப் சுத்தினா ஆறு மாசத்துல டேப் பிரியும், நடுவுல இடைவெளி விழும். எங்க வேலைல ஒரு நாள் பூரா இதுக்கே போச்சு, வந்த தம்பி பொறுமையா பண்ணாரு, அவருக்கு எங்க வீட்ல எல்லாருமே நன்றி சொன்னோம். ஒரு ஸ்டார் கொறச்சது எதுக்குன்னா ஸ்லீவ் சின்னச் சின்ன நீளமா வருது, ஒட்டு நிறைய விழுது, பசையும் தனியா வாங்கணும்.

காப்பர் 0.8 எம்எம் கனம் எடுத்தோம். சுருளா 15 மீட்டர் வரும், ஒரு ரூமுக்கு அது போதும், அதனால சுவருக்குள்ள ஜாயிண்டே வேண்டாம். பைப்ப இணைக்கிற ஃப்ளேர் நட்ட சுவருக்குள்ள புதைக்கவே விடாதீங்க, அது பித்தளை, ஈரமும் அமோனியாவும் பட்டா விரிசல் விட்டுடும், பாத்ரூம் கழுவுற சில லிக்விட்ல அமோனியா உண்டு.

தரைல கொண்டு போறதப் பத்தியும் கேட்டாங்க ஒருத்தங்க. முடிஞ்சா வேண்டாம்னுதான் சொல்வேன். குறிப்பா பாத்ரூம் பள்ளத்துக்குள்ள நிலக்கரிச் சாம்பல் கட்டி போட்டு நிரப்பியிருந்தா அது வழியா காப்பர் போகவே கூடாது, அதுல இருக்குற கந்தகம் ஈரத்தோட சேர்ந்து பைப்ப நாசம் பண்ணிடும். அப்புறம் டைல்ஸ் வேலை முடிஞ்சதும் கறை போக ஆசிட் ஊத்திக் கழுவுவாங்க பாருங்க, அது இடுக்கு வழியா உள்ள எறங்கும். வேற வழி இல்லன்னா மொத்தத்தையும் பிவிசி குழாய்க்குள்ள விட்டு ரெண்டு முனையும் தரைக்கு மேல எழுப்பி விடுங்க.

பூசுறதுக்கு முன்னாடி பைப்புக்குள்ள நைட்ரஜன் 400 பிஎஸ்ஐ ஏத்தி, பிரஷர் காட்டுற கேஜ மாட்டியே விட்டோம், கொத்தனார் மெஷ் அடிச்சு பூசி முடிக்கிற வரைக்கும் கேஜ் அங்கயே இருந்துது. ராத்திரில பத்துப் பதினஞ்சு பிஎஸ்ஐ எறங்கும், வெயில் ஏறினதும் திரும்ப வந்துடும், அது சகஜம். ஆணி எங்கயாவது பைப்ல பட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். இது வேண்டாம்னு யார் சொன்னாலும் காசு குடுத்துப் பண்ணுங்க. பைப் போற எடத்த அளவு டேப் வெச்சு அளந்து போட்டோவும் எடுத்து வெச்சுக்கோங்க, பின்னாடி டிவி ஸ்டாண்டுக்குத் துளை போடும்போது தேவைப்படும்.

பால்கனில வெளிய வர்ற பாகம் தனி. வெயில் பட்டா நைட்ரைல் வெடிச்சு உதிரும், அதுக்கு மேல பிவிசி டக்ட் மாட்டிட்டோம். சுவர் ஓட்டைய அடைக்க சிலிக்கான் வாங்கும்போது வினிகர் நாத்தம் அடிக்கிற சாதா சிலிக்கான் வேண்டாம், அதுலேர்ந்து வர்ற அசிட்டிக் ஆசிட் ஆவி காப்பருக்குள்ள எறும்புப் புத்து மாதிரி வழி வழியா அரிச்சிக்கிட்டுப் போகும், வெளிய ஒண்ணும் தெரியாது. நியூட்ரல் க்யூர்னு கேட்டு வாங்குங்க, ஹார்ட்வேர் கடைல இல்லன்னா கண்ணாடிக் கடைல கண்டிப்பா இருக்கும்.