திருகோணமலையில் குழந்தைப்பேறு ‘பேக்கேஜ்’ எடுக்கப் போகிறவர்கள் காசு கட்ட முதல் இதை வாசியுங்கள்

485,000 ரூபா. குழந்தைப்பேறுச் சிகிச்சைக்கென்று நாங்கள் கட்டிய அந்தக் காசு திரும்பி வராது என்று நேற்றுப் பின்னேரம் முடிவாகத் தெரிந்துவிட்டது. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று இருக்க முடியவில்லை. வருகிற சனிக்கிழமையும் காசு வாங்கியவர்கள் ஊரில் ‘இலவச ஆலோசனை முகாம்’ வைக்கிறார்கள். உவர்மலை, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் பேர் பதிந்திருக்கிறார்கள்.

பெயரைப் போடவில்லை. ஆள் எப்படிப்பட்டவர் என்று மட்டும் சொல்கிறேன். இது வைத்தியசாலை இல்லை. கொழும்பில் உள்ள தனியார் சிகிச்சை நிலையங்களுக்கு ஆள் சேர்த்துவிடும் தரகு அலுவலகம். முகநூலில் குழந்தைப் படங்களோடு விளம்பரம் வரும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஊரில் ஒரு மண்டபத்தை எடுத்து, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு ‘இணைப்பாளரை’ இருத்துவார்கள். ஸ்கான், முட்டை வளர்க்கும் ஊசி, முட்டை எடுத்தல், கரு வைத்தல் எல்லாம் சேர்த்து 400,000 ரூபா, பிள்ளை தங்காவிட்டால் காசு திரும்ப என்பது பேச்சு.

நம்ப வைத்தது எது தெரியுமா? அந்த இணைப்பாளர்ப் பெண்ணுக்கு விஷயம் தெரிந்திருந்தது. விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள். எண்ணிக்கை நல்லம், அசைவும் நல்லம் என்று சொல்லிக்கொண்டு வந்தவள், உருவ அமைப்பு வரியில் நின்றாள். “அண்ணா, நூற்றுக்கு 4 தான் சரியாக இருக்கு. 96 பழுது. அக்காவில பிழை இல்லை, இதாலதான் தங்கேல்ல. பயப்பிடாதேங்கோ, இக்சி செய்தாச் சரி.” இக்சி என்றால் ஒரு விந்தணுவை நுண்ணூசியால் முட்டைக்குள் நேரே செலுத்துவது. அதற்கு மேலதிகமாக 85,000. பதிவுக் கட்டணம் ஐயாயிரத்தை மட்டும், “எங்கட ஊர் ஆக்கள்தானே, அது வேண்டாம்” என்று தானாகவே வெட்டிவிட்டாள். அந்த ஐயாயிரத்தை விட்டுக்கொடுத்த இடத்தில்தான் 485,000 போனது.

இனி அந்த 4 என்ன என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் சாதாரண உருவ அமைப்புக்கான கீழ் எல்லையே 4 சதவீதம்தான். அதாவது 4 இருந்தால் எல்லைக்குள் இருக்கிறது. ஆரோக்கியமாகப் பிள்ளை பெற்ற ஆண்களுக்கும் பெரும்பாலான விந்தணுக்கள் வடிவம் பிசகித்தான் இருக்கும். அதே கையேட்டில் மற்றக் கீழ் எல்லைகள்: எண்ணிக்கை ஒரு மில்லிலீற்றருக்கு 16 மில்லியன், மொத்த அசைவு 42 சதவீதம், விந்தின் அளவு 1.4 மில்லிலீற்றர். இவற்றுக்குக் கீழே போனாலும் ஒரு தாளை வைத்து முடிவெடுக்கக் கூடாது. விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதமளவில் எடுக்கும். டெங்கு மாதிரிக் கடுங்காய்ச்சல் வந்திருந்தால் அதற்குப் பிறகு மூன்று மாதமளவு ரிப்போர்ட் தாழ்ந்திருக்கலாம். சில வாரம் கழித்து, 2 தொடக்கம் 7 நாள் விந்து வெளியேறாமல் இருந்து, இன்னொருமுறை பார்க்க வேண்டும். விந்தணு மிகக் குறைவு, அல்லது போன தடவை முட்டை கருக்கட்டவே இல்லை என்கிற மாதிரி நிலைமைகளில்தான் இக்சிக்கு உண்மையான காரணம் இருக்கிறது. சரியான ஒரு ரிப்போர்ட்டைக் காட்டி 85,000 வாங்கியிருக்கிறார்கள். இதை நினைக்கத்தான் வயிறு எரிகிறது.

இதைவிடப் பெரிய பிழை, விலை சொன்ன நேரம். மேசையில் இருந்தது அந்த ஒரு தாள் மட்டும். சூலகத்தின் முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச் இரத்தப் பரிசோதனை இல்லை. மாதவிடாய் வந்த 2ஆம், 3ஆம் நாளில் சூலகத்தில் எத்தனை சிறு முட்டைப் பைகள் என்று எண்ணும் ஸ்கான் இல்லை. கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று சாயம் விட்டு எடுக்கும் எக்ஸ்ரே இல்லை. முதல் இரண்டில் ஒன்றாவது இல்லாமல் ஊசி எவ்வளவு தேவை என்று எந்த வைத்தியராலும் சரியாகச் சொல்ல முடியாது. செலவில் பெரிய பங்கு ஊசிக்குத்தான். ஒருவருக்கு நாளுக்கு 150 அலகு போதும், இன்னொருவருக்கு 300 வேண்டும். அதை 10 நாளளவு போட வேண்டும். 1,500 அலகுக்கும் 3,000 அலகுக்கும் ஒரே விலை என்று சொல்கிறவர் ஊசி வாங்கித்தரும் எண்ணத்தோடு சொல்லவில்லை.

அப்படியேதான் நடந்தது. காசு கட்டி ஆறு வாரத்துக்குப் பிறகு ஒரு கடதாசிப் பையில் 75 அலகுக் குப்பி 8 வந்தது. மொத்தம் 600. நாளுக்கு 225 என்று எழுதியிருந்தார்கள், மூன்று நாளுக்கே காணாது. பஸ்ஸில், ஐஸ் இல்லாமல், ஹபரணை வெயிலில் வந்த பை. இந்த ஊசிகளில் சிலது 2 தொடக்கம் 8 பாகைக்குள் இருக்க வேண்டும், சிலதை 25 பாகை வரை வெளியே வைக்கலாம், பெட்டியிலேயே எழுதியிருக்கும். எங்கள் ஊர் வெக்கையில் இரண்டு வகையும் பழுதுதான்.

பிறகு சாட்டுகள். “டொக்டர் வெளிநாடு போட்டார், அடுத்த பீரியட்டோட தொடங்குவம்.” அடுத்த மாதம், “சூலகத்தில கட்டி இருக்கும் போல, ஒரு மாதம் பொறுத்தா நல்லது.” 2ஆம் நாள் ஸ்கானில் கட்டி தெரிந்தால் சிகிச்சையைத் தள்ளிவைப்பது உண்மையிலேயே நடக்கும். ஆனால் ஸ்கான் யார் எடுத்தது? ஒருவரும் எடுக்கவில்லை. திருப்பிக் கேட்டபோது கணக்காளர் லீவு, பிறகு கணக்காளர் கொழும்பில், பிறகு “அது பைல் திறந்த காசு அக்கா, திருப்பேலாது.” ஒப்பந்தத்தைப் பார்த்தால் காசு திரும்ப என்பது கரு வைத்து, அது தங்காமல் போனால் மட்டும். கரு வைக்கவே இல்லை என்றால் ஒன்றும் இல்லை. பற்றுச்சீட்டிலும் ‘ஆலோசனைச் சேவை’ என்றுதான் இருக்கிறது, சிகிச்சை என்ற சொல்லே கிடையாது. அவர்கள் பெயர் சொன்ன கொழும்பு நிலையத்துக்கு நேற்றுத் தொலைபேசி எடுத்தபோது, திருகோணமலையில் தங்களுக்கு ஆளே இல்லை என்றார்கள். 485,000 ரூபா. அதில் பாதி அடகு வைத்த நகை, வட்டி இன்னும் ஓடுகிறது.

காசு எப்படித் திட்டமிடுவது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். மனம் ஒரு நிலையில் இல்லை, அவசரமானதை மட்டும் சொல்கிறேன்.

சோதனைக்கு முன்னால் மொத்த விலை சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். முதலில் அரச வைத்தியசாலைப் பெண்நோயியல் கிளினிக்குக்குப் போங்கள், இருவரும் சேர்ந்து. குழாய் திறந்து, விந்து சரியாக இருந்து, பெண்ணின் வயது 35க்குக் கீழே என்றால் பலருக்கு முட்டை வளரத் தூண்டும் லெட்ரசோல் மாத்திரை, விந்தைக் கருப்பைக்குள் விடும் ஐ.யூ.ஐ என்று சில மாதம் பார்த்த பிறகுதான், முட்டையை வெளியே எடுத்துக் கருக்கட்ட வைக்கும் ஐ.வி.எஃப் பேச்சே வர வேண்டும். வயது கூடியவர்கள் அப்படிக் காத்திருக்க வேண்டாம், காலம்தான் அவர்களுக்குப் பெரிய செலவு.

ஐ.வி.எஃப் என்றால் பட்டியலாக, தனித்தனி விலையோடு, எழுத்தில் கேளுங்கள்: ஊசி, ஸ்கான், மயக்க மருந்து, முட்டை எடுத்தல், ஆய்வுகூடம், இக்சி, 5ஆம் நாள் வரை கரு வளர்த்தல், உறைய வைத்தல், வருடா வருடம் வைத்திருக்கும் கட்டணம், உறைந்த கருவை வைக்கும் அடுத்த தடவைச் செலவு, பிறகு கரு தங்க உதவும் புரோஜெஸ்டரோன் மருந்து வாரக்கணக்கில். பேக்கேஜ் என்கிறவர்கள் இதில் பாதியைச் சொல்லமாட்டார்கள். ஒரே தடவையில் கட்டாதீர்கள், ஒவ்வொரு கட்டம் முடியவும் கட்டுங்கள், வைத்தியசாலைக் கவுண்டரில் மட்டும்.

கொழும்பில் தங்கும் செலவைக் கணக்கில் எடுங்கள். ஊசி தொடங்கி 5, 6 நாளில் இருந்து இரண்டு மூன்று நாளுக்கொரு ஸ்கான். 260 கிலோமீற்றர் போய்வர முடியாது. முட்டையை முதிர வைக்கும் கடைசி ஊசி போட்டு 36 மணித்தியாலமளவில் முட்டை எடுக்க வேண்டும். இரவு 10 மணிக்குப் போட்டால் அடுத்த நாள் இல்லை, அதற்கு அடுத்த நாள் காலை. நேரம் பிந்தினால் முட்டைப் பை வெடித்து முட்டை வெளியே போய்விடும், அவ்வளவு காசும் அதோடு போகும்.

நூற்றுக்கு நூறு என்கிறவனை நம்பாதீர்கள். சென்னைக்குக் கூட்டிப்போய் ஆண்பிள்ளையாகப் பார்த்து வைப்போம் என்கிறவனையும் கிட்ட எடுக்காதீர்கள். இந்தியாவில் அது சட்டப்படி குற்றம், மாட்டுப்படுவது நீங்கள்.

வைத்தியரின் பெயரை மருத்துவ சபைப் பதிவில் தேடுங்கள். இடம் 2006ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிந்த தனியார் மருத்துவ நிறுவனமா என்று கேளுங்கள், தரகு அலுவலகத்திடம் அந்தத் தாள் இருக்காது. ஏமாந்தவர்கள் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுங்கள், பொலிஸிலும் ஒரு முறைப்பாடு போட்டுவிடுங்கள். வட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள்.

மூல ரிப்போர்ட்டுகளைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், போட்டோக் கொப்பி போதும். எங்கள் விந்துப் பரிசோதனை ரிப்போர்ட் இன்னும் அவர்களிடம்தான் கிடக்கிறது. சனிக்கிழமை போகத்தான் வேண்டும் என்றால், வங்கி அட்டையையும் செக் புத்தகத்தையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.