கஜாவுக்குப் பிறகு வாங்கிய ஜெனரேட்டர்: ஏழு வருட அனுபவம்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது எங்கள் தோப்பில் பாதித் தென்னை வேரோடு சாய்ந்து கிடந்தது. பேராவூரணிப் பக்கம் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஒரு குடம் தண்ணீருக்காக வாடகை ஜெனரேட்டர் எப்போது நம் தெருவுக்கு வரும் என்று காத்திருந்தோம். அந்த ஆற்றாமையில் வாங்கியதுதான் இந்த இரண்டரை கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர். போன வாரம் ரிப்பேர் பார்த்து எடுத்து வந்தேன். "நானும் ஒன்று வாங்கலாமா மாமா?" என்று மாப்பிள்ளை ஒருவர் கேட்டார். அவருக்காகவே எழுதுகிறேன்.

வீட்டுக் கிணற்றின் அரை எச்பி மோட்டாரை இது சிரமமில்லாமல் இழுக்கும். ஒரு மணி நேரத்தில் மேல்தொட்டியும் மாட்டுத்தொட்டியும் நிறைந்துவிடும். தோப்பு போர் மோட்டார் மும்முனை, ஐந்து எச்பி. அதற்கு இது ஆகாது. இஞ்சினில் இதுவரை ஒரு குறையும் இல்லை.

ஆனால் பெட்ரோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கும் இந்தக் கார்புரேட்டர்! ஐப்பசியில் காற்றும் மழையுமாக இருந்த ஒரு ராத்திரி, சோக்கை இழுத்துவிட்டு, உள்ளங்கை தோல் உரியும்வரை கயிற்றை இழுத்தேன். கிளம்பவே இல்லை. மெக்கானிக் கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றிக் கண்ணாடி டம்ளரில் கவிழ்த்தார். அடியில் தண்ணீர் தனியாக நின்றது, ஓரமெல்லாம் வெல்லப்பாகு மாதிரி பழுப்புப் பிசின். பெட்ரோல் பாயும் குண்டூசி முனை அளவு ஜெட் துவாரம் அடைத்துப் போயிருந்தது. ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி அதைக் குத்தி எடுத்தார். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால்; அது ஈரத்தை இழுக்கும். டேங்கில் மாதக்கணக்கில் கிடந்தால் இந்தக் கதிதான். புயலுக்கென்று வாங்கிய சாமான், புயல் இல்லாத நாளில் சும்மா கிடந்தே கெடுகிறது. எனக்கு இதுதான் பொறுக்கவில்லை, இது மூன்றாவது தடவை.

நிறுத்தும்போது சுவிட்சை அணைக்காமல் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கிண்ணம் காலியாகித் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டுமாம். விற்ற கடைக்காரர் இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று. வீட்டு லைனைக் கம்பத்துக் கரண்டு, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றோடு மட்டும் சேர்க்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் யாரும் இதை வீட்டு லைனில் கொடுக்காதீர்கள். கரண்ட் திரும்பிப் போய் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைக் கொன்றுவிடும். கஜாவின்போது வெளி மாவட்டங்களிலிருந்து வந்து, சேற்றில் கம்பம் தூக்கி நட்டவர்கள் அவர்கள். ஜெனரேட்டரைத் திண்ணையிலோ அறையிலோ வைத்து ஓட்டவும் கூடாது, புகை ஆளைக் கொல்லும்.

சரி, வாங்கலாமா? வேண்டாம் மாப்பிள்ளை. மாதம் ஒரு முறை நினைவாக எடுத்து ஓட்ட உங்களுக்கு நேரம் இருக்காது. விளக்குக்கும் ஃபேனுக்கும் இன்வெர்ட்டர் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு மட்டும் குடங்களை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வாருங்கள். ரிப்பேருக்குப் பிறகு இரண்டாவது இழுப்பிலேயே கிளம்புகிறது.