ஏடுவாரியா, இடவாரியா, தொடர்வாரியா? காவிரியின் அளவுப் பதிவுகளை அடுக்க மூன்று வழிகள்

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, மேட்டூருக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று மூன்று இடங்களில் பாருங்கள். மூன்று எண் கிடைக்கும். கர்நாடக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளந்தது ஒன்று. ஒகேனக்கல் நீர்வரத்து என்று முழு ஆயிரமாகச் செய்தியில் வருவது ஒன்று. அணையின் காலை 8 மணிக் குறிப்பில் இருப்பது ஒன்று. மூன்றிலும் பொய் இல்லை. ஆனால் மூன்றையும் 'காவிரி, நீர்வரத்து' என்று ஒரே தலைப்பின் கீழ் போட்டு வைத்துவிட்டால், பத்து வருடம் கழித்து எடுத்துப் பார்ப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

நானும் நண்பர்கள் மூவரும் காவிரிப் படுகையின் பழைய அளவுப் பதிவுகளுக்குப் பட்டியல் போட உட்கார்ந்தோம். எண்களைத் தட்டச்சு செய்யும் வேலை இல்லை. எந்தப் பதிவு எங்கே இருக்கிறது, எந்த வருடத்திலிருந்து எதுவரை, என்ன நிலையில் என்று சொல்லும் பட்டியல் மட்டும். இரண்டு மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தோம். பட்டியலின் ஒரு வரி என்பது எது என்ற சண்டையிலேயே முதல் மாதம் போனது. ஓர் ஏடா, ஓர் இடமா, ஓர் அளவுத் தொடரா? மூன்றையும் செய்து பார்த்துவிட்டோம்.

ஏடுவாரி என்றால் கையில் கிடைத்த பதிவேடே ஒரு வரி. எந்த அலுவலகத்தின் ஏடு, எத்தனை பக்கம், முதல் தேதி, கடைசித் தேதி, அட்டை கிழிந்ததா, கரையான் தொட்டதா. ஏடு இருந்த வரிசையைக் கலைக்கக் கூடாது. ஆவணக் காப்பகங்களில் பழகியவர்கள் இப்படித்தான் செய்வார்கள். எங்களில் கணினிக்காரர் இதைப் பழைய பேப்பர் கடை முறை என்று கிண்டல் செய்தார். தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லாத பட்டியல் எதற்கு என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான்.

ஆனால் ஓர் உபநதியின் கேஜ் (நீர்மட்டம் காட்டும் அளவுக் கம்பம்) ஏட்டைப் பிரித்தபோது நடந்ததைச் சொல்கிறேன். தேதி, நேரம், கேஜ் அடி, கன அடி, குறிப்பு என்று ஐந்து பத்தி. குறிப்புப் பத்தியில் மாதக்கணக்கில் ஒரு புள்ளிகூட இல்லை. திடீரென ஒரு பக்கத்தில் சிவப்பு மையில், 'வெள்ளத்தில் கேஜ் சாய்ந்தது, புதிது நடப்பட்டது.' அதற்கு மறுநாளிலிருந்து எல்லா அளவும் அரை அடிக்குக் கொஞ்சம் மேலே ஏறி நிற்கிறது. ஆற்றில் தண்ணீர் கூடவில்லை. புதுக் கம்பத்தின் பூஜ்ஜியம் வேறு, அவ்வளவுதான். அந்த அலுவலகத்தில் பின்னாளில் யாரோ இந்த எண்களை மட்டும் சுத்தமாகப் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். பிரதியில் சிவப்பு வரி இல்லை. பிரதியை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்த வருடத்தோடு ஆறு செழித்துவிட்டது.

அந்தச் சிவப்பு வரியைக் காப்பாற்றுவது ஏடுவாரிப் பட்டியல் ஒன்றுதான். எண்ணை ஏட்டிலிருந்து உருவி எடுத்த கணமே அது தொலைந்துபோகும்.

அப்புறம் வருடக் கணக்கு இருக்கிறது. காவிரியில் நீராண்டு ஜூன் 1-இல் தொடங்கி மே 31-இல் முடிகிறது. அலுவலகக் கணக்கு ஏப்ரலில் தொடங்கும். வருவாய்த் துறைக் கணக்கில் வரும் ஏரி, வாய்க்கால் விவரமெல்லாம் பசலியில் இருக்கும். பசலி 1400 என்றால் 1990 ஜூலை முதல் 1991 ஜூன் வரை. ஒரே வறட்சியை மூன்று கணக்கில் தேட வேண்டும். ஏட்டின் அட்டையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே எழுதிவிட்டு, ஆங்கிலத் தேதியைப் பக்கத்தில் போடுங்கள். மாற்றி எழுதிவிட்டு மூலத்தை அழிப்பவர்களை நான் மன்னிப்பதில்லை.

இடவாரிக்கு வருவோம். பெரும்பாலானவர்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான். ஒவ்வோர் அளவு நிலையத்துக்கும் ஓர் எண், அதன் கீழே எல்லாப் பதிவும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் இதை அழகாகச் செய்கிறது. எட்டு இலக்க எண். ஆற்றின் தலையிலிருந்து கீழ்நோக்கி வர வர எண் ஏறும், உபநதி சேரும் இடத்தில் அந்த உபநதியின் நிலையங்கள் நடுவில் வந்து உட்காரும். பிற்காலத்தில் புது நிலையம் வந்தால் சொருக இடைவெளியும் விட்டிருப்பார்கள். எண்ணைப் பார்த்தாலே இது மேலே, அது கீழே என்று தெரியும்.

காவிரியில் இதைச் செய்து பார்ப்பது சுகமான வேலை. குடகில் குடிகேயில் தொடங்கி, ஹேமாவதியையும் லட்சுமண தீர்த்தத்தையும் சேர்த்துக்கொண்டு கண்ணம்பாடி, கபினி கலக்கும் டி. நரசிப்பூர், கொள்ளேகால், ஷிம்ஷா, அர்க்காவதி, பிலிகுண்டுலு, மேட்டூர் என்று ஆறே பட்டியலை எழுதிக்கொண்டு போகும். கூட்டிக் கழித்துப் பார்க்கவும் வசதி. காவிரியில் ஊராட்சிக்கோட்டை, பவானியாற்றில் சவண்டப்பூர், இரண்டும் சேர்ந்த பிறகு கொடுமுடி. மேலே உள்ள இரண்டையும் கூட்டினால் கீழே உள்ளதற்குக் கிட்டத்தட்ட வர வேண்டும். வராது. பவானியாறு காவிரியில் கலக்கும் கூடுதுறைக்குச் சற்று முன்பே காளிங்கராயன் வாய்க்கால் பவானியிலிருந்து தன் பங்கை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. பட்டியலில் ஒரு வாய்க்கால் விடுபட்டிருப்பதை இப்படித்தான் நாங்கள் கண்டுபிடித்தோம். ஏடுவாரியில் இது சாத்தியமே இல்லை.

பெயர்க் குழப்பத்துக்கும் இது மருந்து. பிலிகுண்டுலு, பில்லிகுண்டு, பிலிகுண்டலு எல்லாம் ஒன்று. கண்ணம்பாடி, கிருஷ்ணராஜ சாகர், கே.ஆர்.எஸ். எல்லாம் ஒன்று. மேட்டூரும் ஸ்டான்லி நீர்த்தேக்கமும் ஒன்று. எண் கொடுத்துவிட்டால் யார் எப்படி எழுதினாலும் ஓரிடத்தில் வந்து நிற்கும்.

சிக்கல் முக்கொம்பில் ஆரம்பிக்கிறது. அதுவரை கிளைகள் வந்து சேர்கின்றன. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு பிரிகிறது. நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பில் (தண்ணீரைப் பிரித்துவிடும் மதகில்) கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. மரம் தலைகீழாகிவிடுகிறது. 'கீழ்நோக்கி ஏறும் எண்' என்றால் எந்தக் கீழ்? குடமுருட்டிக்கு அடுத்த எண் அரசலாறா, வெட்டாறா? அமெரிக்க முறை வந்து சேரும் ஆறுகளை மனத்தில் வைத்துப் போட்டது. பிரிந்து பிரிந்து வயலில் முடியும் டெல்டாவுக்கு அதை அப்படியே கொண்டுவந்தால் எண் இருக்கும், அர்த்தம் இருக்காது. இங்கே தலைப்பு மதகைத் தாய் என்றும் அதிலிருந்து பிரிவதைப் பிள்ளை என்றும் வைத்துக்கொண்டு போவதே வழி. மதகைத் திறந்து மூடும் லஸ்கர்களைக் கேட்டால் அவர்கள் சொல்வதும் அப்படித்தான். இந்த வாய்க்கால் எந்தத் தலைப்பில் குடிக்கிறது என்பார்கள்.

இன்னொரு சிக்கல், இடம் என்பதே நிலையானதல்ல. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து மதகுகளில் ஒன்பது ஷட்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. பிறகு பக்கத்திலேயே புதுக் கதவணை வந்தது. பழைய மதகும் புதுக் கதவணையும் ஒரே நிலையமா, இரண்டா? ஊர்ப்பெயர் ஒன்று, ஆறு ஒன்று. தண்ணீர் தாண்டிப்போகும் கட்டுமானம் வேறு. எவ்வளவு திறந்தால் எவ்வளவு போகும் என்ற அட்டவணையும் வேறு.

இதனால்தான் தொடர்வாரி. இதில் ஒரு வரி என்பது ஓரிடத்தில், ஒரு விஷயத்தை, ஒரு முறையில், ஓர் அலகில், ஒருவர் அளந்துவந்த தொடர். அதில் எது மாறினாலும் புது வரி. மேட்டூர் என்ற ஒரே நிலையம் இங்கே நீர்மட்டம், நீர் இருப்பு, நீர்வரத்து, ஆற்றில் திறப்பு, கிழக்கு மேற்குக் கால்வாய்த் திறப்பு, ஆவியாதல், மழை என்று ஏழெட்டு வரியாக உடைந்துவிடும்.

இதில் நீர்வரத்து என்ற வரியை மட்டும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். பிலிகுண்டுலுவில் ஆற்றின் குறுக்கே பகுதி பகுதியாக ஆழமும் வேகமும் அளந்து, மட்டத்தோடு பொருத்தி, ஓட்டத்தைச் சொல்கிறார்கள். அது அளந்த எண். மேட்டூரின் நீர்வரத்தை அப்படி யாரும் ஆற்றில் இறங்கி அளப்பதில்லை. நேற்றுக் காலை 8 மணி மட்டத்துக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொள்ளளவு அட்டவணையில் போட்டு, திறந்துவிட்டதையும் ஆவியானதையும் கூட்டி, திருப்பிக் கணக்கிட்ட எண் அது. நிரம்பிய மேட்டூரின் நீர்ப்பரப்பு சுமார் 59 சதுர மைல். அந்தப் பரப்பில் ஓர் அடி என்பது ஒன்றரை டி.எம்.சி.க்கு மேல் (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி). காற்றில் அலையடித்து மட்டத்தை ஓர் அங்குலம் கூடக் குறையப் படித்துவிட்டால், அன்றைய நீர்வரத்து வினாடிக்கு ஏறக்குறைய 1,600 கன அடி மாறிவிடும். வெயில் காலத்தில் வரும் தண்ணீரைவிடப் பிழை பெரிதாக இருக்கும். பழைய ஏடுகளில் சில நாள் வரத்து பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருப்பதைப் பார்த்து முதலில் சிரித்தோம். அது தப்பில்லை, அந்த முறையின் சுபாவம் அப்படி. பட்டியலில் 'கணக்கிட்டது' என்று ஒரு சொல் இருந்தால் படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

தேதியும் இதே கதை. ஜூன் 12 என்று எழுதிய எண், 11-ஆம் தேதி காலை 8 மணியிலிருந்து 12-ஆம் தேதி காலை 8 மணி வரை வந்த தண்ணீர். மாதக் கடைசியில் பெருவெள்ளம் வந்தால் எந்த மாதக் கணக்கில் அது சேரும் என்பது வழக்குப் போடும் அளவு பெரிய கேள்வி.

அலகைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூரின் முழு மட்டம் நமக்கு 120 அடி. மத்திய நீர் ஆணையத்தின் வாராந்தர அறிக்கையில் அதுவே கடல்மட்டத்துக்கு மேல் 240.79 மீட்டர். முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி. அங்கே 2.647 பில்லியன் கனமீட்டர். ஒரு நாள் முழுக்க வினாடிக்கு 11,574 கன அடி ஓடினால் ஒரு டி.எம்.சி. என்பதைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள், பாதித் தவறு குறையும்.

தொடர்வாரி எனக்குப் பிடித்ததற்கு இன்னொரு காரணம், காவிரிச் சண்டையின் அளவுகோலே இடம் மாறிக்கொண்டிருந்தது. 1924 ஒப்பந்தத்தில் கண்ணம்பாடியில் எப்போது தேக்கலாம் என்பதை முடிவு செய்தது மேலணையில், அதாவது முக்கொம்பில், காவிரி அணையின் வடகரை கேஜ். 1991-இல் நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை, கர்நாடகம் ஆண்டுக்கு விட வேண்டிய 205 டி.எம்.சி.யை மேட்டூரில் கணக்கிடச் சொன்னது. 2007 இறுதித் தீர்ப்பு 192 டி.எம்.சி. என்றது, 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. இவை இரண்டும் பிலிகுண்டுலுவில். நூறு வருடத்துக்குள் அளவுகோல் ஆற்றில் மேல்நோக்கி இரண்டு தாவல் தாவியிருக்கிறது. ஒவ்வொரு தாவலிலும் நடுவில் சேரும் ஆறுகள் கணக்கிலிருந்து விழுகின்றன. பிலிகுண்டுலுவுக்கும் மேட்டூருக்கும் இடையில் சின்னாறும் பாலாறும் தொப்பையாறும் இருக்கின்றன. 205-இலிருந்து 192, அப்புறம் 177.25 என்று ஒரே கோட்டில் படம் போட்டுக் காட்டுபவர்களைப் பார்க்கும்போது, பட்டியலில் 'எங்கே, எப்படி' என்ற பத்தி இல்லாததன் விலை தெரிகிறது.

தொடர்வாரியின் குறை, ஆளைக் கொல்லும். ஏடு ஒன்றுக்கு ஐந்து பத்தி நிரப்பினால் போதும் என்றிருந்தவர்களிடம் பதினான்கு பத்தி நீட்டினோம். மூன்றாவது வாரம் 'அளந்த முறை' என்ற பத்தியில் எல்லோரும் 'மேற்படி' என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். காலியாக விடுவதைவிட மோசம் அது. காலியிடம் குறைந்தபட்சம் உண்மை சொல்கிறது.

சரி, யாருக்கு எது? இந்திய நீர்வளத் தகவல் தளத்திலிருந்து பதிவிறக்கிய அட்டவணைகள் மட்டும் கையில் இருந்தால், இடவாரி ஏற்கனவே செய்து கொடுத்ததுதான், அதன் நிலையக் குறியீட்டையே வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக எண் கண்டுபிடிக்காதீர்கள். கையில் காகிதம் இருந்தால் ஏடுவாரியில் தொடங்குங்கள், யார் கிண்டல் செய்தாலும் சரி. இந்த ஏடு எந்த நிலையத்தைச் சேர்ந்தது என்பதே பாதி நேரம் பிரித்துப் பார்த்த பிறகுதான் தெரியும். தெரிவதற்கு முன்பே நிலைய எண் போட்டால் அது ஊகம். எங்களுக்கு வந்த ஒரு கட்டில் இரண்டு ஆறுகளின் ஏடுகளைச் சேர்த்து ஒரே அட்டையில் பைண்டிங் செய்திருந்தார்கள். முதுகில் ஒரே பெயர். இடவாரிக்காரர் முதுகைப் படித்துவிட்டுப் போயிருப்பார்.

ஏடு முடிந்ததும், எல்லாவற்றையும் தொடராக உடைக்காமல், சண்டைக்கு வரக்கூடிய நிலையங்களை மட்டும் உடையுங்கள். நாங்கள் உடைத்தது கண்ணம்பாடி, கபினி, பிலிகுண்டுலு, மேட்டூர், பவானிசாகர், முக்கொம்பு, கல்லணை, கீழணை. மற்றவை ஏட்டு வரியாகவே கிடக்கட்டும். இட எண் கடைசியில் ஒரு பத்தியாக வந்து ஒட்டிக்கொள்ளும். மென்பொருளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு, எக்செல்லில் இரண்டு தாள் போதும். ஐந்தாயிரம் வரி தாண்டினால் எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளுக்குப் போகலாம், அதற்கு முன் வேண்டாம்.

முக்கொம்புக்கு எங்கள் பட்டியலில் இப்போது இரண்டு எண். 2018-க்கு முன் ஒன்று, பின் ஒன்று, நடுவில் ஒரு குறிப்பு. டெல்டாவுக்கு இன்னும் எண் போடவில்லை. கணினிக்காரர் வீட்டுச் சுவரில் ஒட்டிய வரைபடத்தில் மூணாறு தலைப்பைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். போன வாரம் போனபோது அது இரண்டு கேள்விக்குறியாகி இருந்தது.