தானாகப் பூட்டிக்கொள்ளும் கார் கதவு: சில வருடப் பயன்பாட்டில் தெரிந்துகொண்டது

சாவியைப் பையை விட்டு எடுக்காமலே இறங்கி நடந்தால் கார் தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டு கையிலும் மளிகைப் பையோடு இறங்குகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் வாங்கிய புதிதில் ஒரு நாள் பூட்டும், மறுநாள் பூட்டாது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் அங்கே ஒழுங்காகப் பூட்டிவிடும், "எல்லாம் ஓகே சார்" என்று அனுப்பிவிடுவார்கள்.

விஷயம் இதுதான். காரில் உள்ள ஆன்டெனாக்கள் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு சிக்னலை அனுப்பிச் சாவியைக் கூப்பிடும், சாவி அதைக் கேட்டு 433 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும். கதவெல்லாம் சாத்திய பிறகு, சாவி வெளியே பக்கத்தில்தான் இருக்கிறது என்று கார் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், அப்புறம்தான் அது விலகிப் போவதைக் கவனிக்கும். என் காரில் அந்த முதல் கட்டம் முடிந்ததும் சின்னதாக ஒரு பீப் வரும். கதவை அடித்துச் சாத்திவிட்டு விறுவிறுவென்று நடந்தால் அது வராது, பூட்டவும் பூட்டாது. ஒரு நொடி நின்று பீப் கேட்ட பிறகு நகர்ந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்குக் காரணம் என் தோள்பையில் இருந்தது. போனின் முதுகில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் பவர் பேங்க், அதை ஒட்டியே கார் சாவி. வயர்லெஸ் சார்ஜிங்கும் ஏறக்குறைய அதே அலைவரிசையில்தான் நடக்கிறது, அதனால் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது கார் கூப்பிடுவது சாவியின் காதில் விழுவதே இல்லை! பவர் பேங்க்கைப் பிரித்தால் பீப் வருகிறது, ஒட்டினால் வருவதில்லை. சாவியை பேன்ட் பாக்கெட்டுக்கு மாற்றினேன், அன்றிலிருந்து ஒழுங்காகப் பூட்டுகிறது.

சாவிக்குள் இருக்கும் சிஆர்2032 பேட்டரியையும் கவனியுங்கள். பட்டனை அழுத்தினால் கதவு திறக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது, பேட்டரி தளரும்போது தானாகப் பூட்டுவது தடுமாற ஆரம்பித்துவிடலாம். நல்ல பிராண்டாகப் பார்த்து வருடத்துக்கு ஒன்று மாற்றிவிடுவது என் பழக்கம், பெரிய செலவில்லை. அதேபோல இரண்டாவது சாவி வண்டிக்குள் எங்காவது கிடந்தால், அல்லது டிக்கி சரியாக மூடவில்லை என்றால், என் கார் பூட்டவே பூட்டாது.

பூட்டியதா என்று பார்க்கத் திரும்பி வந்து கைப்பிடியை இழுப்பதில் பயனே இல்லை. சாவி உங்களிடம்தானே இருக்கிறது, பூட்டிய கதவும் திறந்துகொள்ளும். பூட்டும்போது சைடு மிரர் மடங்கும்படி செட்டிங்கில் வைத்துவிட்டேன். தூரத்தில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். இந்த வசதி உள்ள எல்லோரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. உள்ளே ஆள் உட்கார்ந்திருப்பது இந்த வசதிக்குத் தெரியாது. அம்மாவை வண்டியில் உட்கார வைத்துவிட்டு மருந்துக் கடைக்குப் போனால், அது பாட்டுக்குப் பூட்டிக்கொள்ளும். அவர் உள்ளிருந்து கதவைத் திறந்தால் அலாரம் அலறும், பாவம், பதறிப்போவார். அந்த மாதிரி நேரத்தில் திரையில் போய் இதை அணைத்துவிட்டுத்தான் இறங்குகிறேன், பெரியவர்களையோ குழந்தைகளையோ கூட்டிப் போகிறவர்கள் அந்த செட்டிங் எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.